இலக்குகளை எழுதி வைத்த கொல்லர் மகன்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், நான் பணியாற்றிய நிறுவனத்தில் எல்லோருடைய மேசைக்கும் ஒரு படிவம் வந்துசேரும். சென்ற ஆண்டு செய்தவை, வரும் ஆண்டு செய்ய இருப்பவை என்று அதில் பல கட்டங்கள் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருக்க விரும்புகிறேன் என்று கடைசிக் கட்டம் கேட்கும். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். தொடக்கம் முதலே ஏதேனும் ஒரு பதவியின் பெயரைத்தான் எழுதிவந்தேன். இரண்டு முறை எழுதியது கிடைத்தது. மூன்றாவது முறை, என்னைவிடப் பதினோரு ஆண்டுகள் இளையவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அவர் திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அடுத்த மார்ச்சில் அந்தக் கட்டத்துக்கு நேரே பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத எதுவும் தோன்றவில்லை.

அந்த நாள்களில்தான், ஊர் நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய், மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை வரலாறு கைக்கு வந்தது. பள்ளிப் பாடத்தில் படித்து மறந்த பெயர். மின்மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் நிறைந்த ஆலையின் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு, அவற்றுக்கெல்லாம் மூலவரான அந்த மனிதரைப் பற்றி மூன்று வரிகளுக்கு மேல் தெரிந்திருக்கவில்லை. ஒருவகையில் அது வெட்கத்துக்குரியதுதான்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ஆம் நாள், லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்த நியூயிங்டன் பட்ஸ் என்ற பகுதியில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். அவருக்கு உடல்நலம் சரியில்லை. பல நாள்கள் உலைக்களத்துக்குப் போக முடியாமல் படுத்துவிடுவார். 1801-இல் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை அந்த வீட்டில் இருந்தது. எழுத்து, வாசிப்பு, சாதாரணக் கணக்கு ஆகியவற்றோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அவருடைய அறிவியல் வாழ்க்கை முழுவதற்கும் முறையான கல்வி என்று சொல்ல இவ்வளவே இருந்தது.

பதின்மூன்று வயதில், பிளாண்ட்ஃபோர்ட் தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் நடத்திய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாள்களை வாடகைக்குப் படிக்கும் வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் கொடுத்த தாளைச் சிறிது நேரம் கழித்துத் திரும்ப வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஓராண்டு இதைச் செய்த பிறகு, 1805 அக்டோபரில் புத்தக பைண்டிங் தொழில் பழகுநராக ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வழக்கமாக இத்தகைய ஒப்பந்தத்துக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டும். பையனின் நேர்மையான உழைப்பைப் பார்த்த ரீபோ அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஃபாரடேயைத் தானே வளர்ந்த மனிதர் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பணம் வாங்காத முதலாளி ரீபோதான், கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் பையன் படிக்கவும் அனுமதித்தார். கடையின் ஒரு மூலையில் சோதனைகள் செய்வதையும் பொறுத்துக்கொண்டார். அப்படி வந்த புத்தகங்களில் இரண்டு அவரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை. மற்றொன்று, ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல். படித்ததை அப்படியே நம்பாமல், தன் கையில் இருந்த சில்லறைக் காசுக்கு வாங்க முடிந்த பொருள்களை வைத்துச் சரிபார்த்தார். கண்ணாடிப் புட்டியைக் கொண்டு ஒரு நிலைமின் பொறியைச் செய்தார். தம்முடைய சோதனையில் உறுதிப்பட்டதை மட்டுமே உண்மையாகக் கொள்ளும் அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

மூன்றாவதாகவும் ஒரு நூல் உண்டு. அறிவியல் நூல் அல்ல என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை. ஐசக் வாட்ஸ் என்ற சமய அறிஞர் மனத்தை மேம்படுத்திக்கொள்வதைப் பற்றி எழுதியது அது. குறிப்பேடு வைத்துக்கொள், சொற்பொழிவுகளைக் கேள், அறிவுள்ள நண்பரோடு கடிதத் தொடர்பு கொள், சொற்களைத் துல்லியமாகக் கையாளப் பழகு என்று அதில் நடைமுறை வழிகள் சொல்லப்பட்டிருந்தன. நம் காலத்துச் சுயமுன்னேற்ற நூல்களின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். அத்தகைய நூல்களைப் படிக்கிறவர்கள் ஏராளம். சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பவர்கள் அரிது. ஃபாரடே செய்தார். 1809-இல் பலதுறைச் செய்திகளைத் தொகுக்கும் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். 1810 பிப்ரவரியிலிருந்து ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை எட்டு மணிக்கு நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் தந்தையைப் போல் கொல்லர்தான். அதே ஆண்டு அக்டோபரில் தந்தை இறந்துபோனார். குடும்பம் தள்ளாடிய அந்த மாதங்களிலும் தம்பிக்கு அந்த ஷில்லிங்குகள் கிடைத்து வந்தன.

சொற்பொழிவுகளில் காட்டப்பட்ட கருவிகளைப் படமாக வரைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வரையத் தெரியவில்லை. ரீபோவின் வீட்டில் மாஸ்கெரியே என்ற ஓவியர் குடியிருந்தார். அவருடைய அறையைப் பெருக்கி, காலணிகளைத் துடைத்துக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தொலைவும் அண்மையும் தெரியும்படி வரைவதைக் கற்றுக்கொண்டார். என்ன இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால், அதை யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடுகிறது போலும்.

1812-இல் அந்தக் குறிப்புகளை ரீபோ ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டினார். டான்ஸ் என்ற அந்தக் கனவான் வியந்துபோய், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றவிருந்த நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். டேவி அன்று ஐரோப்பாவின் புகழ்பெற்ற வேதியியலாளர். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தவர். மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே அமர்ந்து அந்த நான்கு உரைகளையும் ஃபாரடே கேட்டார். வீடு திரும்பி, கேட்டதை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, முந்நூறு பக்க அளவில் ஒரு நூலாகத் தாமே பைண்டு செய்தார்.

ஆனால் உடனே வழி திறந்துவிடவில்லை. அறிவியல் தொடர்பான எந்த வேலையாயினும் சரி என்று ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். பதிலைத் தேடி நேரில் போனபோது, அந்தக் கடிதத்துக்குப் பதில் தேவையில்லை என்று வாயில்காப்போன் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்டோபரில் பழகுநர் காலம் முடிந்து, டெ லா ரோஷ் என்ற பிரெஞ்சுக்காரரின் கடையில் கூலிக்குச் சேர்ந்தார். அவர் முன்கோபி. எனினும் பையன்மீது அவருக்குப் பற்று இருந்தது. தமக்குப் பிள்ளை இல்லை, கூடவே இருந்தால் தமக்குப் பின் எல்லாம் உனக்கே என்றார். இருபத்தொரு வயது ஏழை இளைஞன் முன் ஒரு கடை, ஒரு தொழில், ஒரு நிலையான வாழ்வு தட்டில் வைத்து நீட்டப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் பற்றிக்கொண்டிருப்பேன்.

டிசம்பரில் டேவிக்குக் கடிதம் எழுதி, தாம் கட்டிய அந்தக் குறிப்பு நூலையும் இணைத்து அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கனிவான பதில் வந்தது. ஜனவரியில் நேரில் சந்தித்தார்கள். டேவி சொன்ன அறிவுரை, பைண்டிங் தொழிலை விடாதே என்பது. அறிவியல் உழைப்பை வாங்கிக்கொண்டு காசைக் கொடுக்காது என்றும் எச்சரித்தார். பிப்ரவரியில் ஆய்வகப் பணியாளர் ஒருவர் கருவி செய்பவரோடு கைகலப்பில் இறங்கியதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஓர் இரவு ஃபாரடே படுக்கப் போகும் நேரத்தில், வீட்டு வாயிலில் டேவியின் குதிரை வண்டி வந்து நின்றது. பணியாள் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். 1813 மார்ச் 1-ஆம் நாள், வாரத்துக்கு இருபத்தைந்து ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் இரண்டு அறைகள், விறகும் மெழுகுவத்தியும் என்ற ஏற்பாட்டில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார்.

யாரோ இருவர் அடித்துக்கொண்டதால் திறந்த கதவு அது. இதைத் திட்டமிட்டு அடைய முடியாது. எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. ஆனால் கதவு திறந்த அன்று டேவிக்கு நினைவு வந்த பெயர் எது என்பதற்குக் காரணம் அந்த முந்நூறு பக்க நூல். வாய்ப்பு ஃபாரடேயின் கையில் இல்லை. அந்த நூலை எழுதுவது அவர் கையில் இருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். லண்டனிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போயிராத ஃபாரடேயும் உடன் சென்றார். எதிரி நாடான நெப்போலியனின் பிரான்சுக்கு வர டேவியின் பணியாள் மறுத்துவிட்டதால், பாரிஸ் போகும்வரை அந்த வேலைகளையும் பார்த்துக்கொள்ளும்படி ஃபாரடேயிடம் கேட்டார்கள். பாரிஸும் வந்தது, ரோமும் வந்தது, மாற்றாள் வரவே இல்லை. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து, திரும்பிப் போய் பைண்டிங் தொழிலையே பார்க்கலாமா என்றுகூட நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில் யோசித்திருக்கிறார். போகவில்லை. டேவியின் அருகில் கற்றுக்கொள்ளக் கிடைத்ததை அவர் எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பயணத்தில் ஆம்பியரைக் கண்டார். முதிய வோல்டாவை மிலானில் கண்டார். பிரெஞ்சும் இத்தாலியமும் கற்றார். 1815 ஏப்ரலில் ஊர் திரும்பியபோது, ஐரோப்பிய அறிவியல் உலகம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிய உதவியாளர் லண்டனில் வேறு யாரும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் பரபரப்பு அற்றவை. என்னை மிகவும் ஈர்த்த ஆண்டுகளும் இவையே. தம் பேச்சிலும் எழுத்திலும் குறை உண்டு என்று அவருக்குத் தெரியும். கொல்லர் தெருவின் உச்சரிப்பு, சரியில்லாத இலக்கணம். எட்வர்ட் மக்ராத் என்ற நண்பரிடம் வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி, தம் பிழைகளைத் திருத்தச் சொன்னார். ஏழாண்டுகள் இது நடந்தது. ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் பேச்சுக்கலை வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் ஆன பிறகும், வேகமாகப் பேசினால் மெதுவாக என்று எழுதிய அட்டையும், நேரம் மீறினால் நேரம் என்று எழுதிய அட்டையும் அவர்முன் வைக்கப்படும். வெள்ளிக்கிழமை மாலை உரைகளையும், சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளையும் ராயல் இன்ஸ்டிடியூஷனின் அடையாளங்களாக ஆக்கியவர், முப்பது வயதை நெருங்கும்போது நண்பரிடம் இலக்கணம் திருத்திக்கொண்டிருந்தார்.

1821 அவருக்கு இன்பமும் துன்பமும் கலந்து வந்த ஆண்டு. ஜூனில் சாரா பர்னார்டை மணந்தார். செப்டம்பர் தொடக்கத்தில், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி இடைவிடாமல் சுழல வைத்தார். இன்று நம் வீட்டு மின்விசிறி வரை ஓடும் எல்லா மோட்டார்களுக்கும் அதுதான் தொடக்கம். ஆனால் வொல்லஸ்டன் என்ற மூத்த அறிவியலாளர் இதே துறையில் முயன்றுகொண்டிருந்தார். டேவியோடு அவர் அதைப் பற்றிப் பேசியதும் ஃபாரடேக்குத் தெரியும். வொல்லஸ்டனின் பெயரைக் குறிப்பிடாமல் ஃபாரடே அவசரமாகக் கட்டுரையை வெளியிட்டார். பிறர் கருத்தைக் களவாடினார் என்ற பேச்சு எழுந்தது. வொல்லஸ்டன் தேடியது வேறொரு வகைச் சுழற்சி. சோதனையும் கண்டுபிடிப்பும் ஃபாரடேயுடையவையே. எனினும், வெளியிடுமுன் அந்த மூத்தவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்பதே என் எண்ணம். முன்னேறத் துடிக்கும் முப்பது வயதின் அவசரம் அது.

அதன் விளைவு ஆண்டுகள் கடந்தும் தொடர்ந்தது. 1823-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பொறுப்புக்கு ஃபாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, சொசைட்டியின் தலைவராக இருந்தவர் டேவி. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி அவர் ஃபாரடேயிடம் சொன்னார். அதை முன்வைத்தவர்கள் வேறு உறுப்பினர்கள். தாம் திரும்பப் பெற முடியாது என்று ஃபாரடே பணிவோடு மறுத்தார். 1824 ஜனவரி 8-ஆம் நாள் தேர்வு நடந்தது. பெட்டியில் விழுந்த எதிர்ப்பு வாக்கு ஒன்றே ஒன்று. அது யாருடையது என்பது இரகசிய வாக்கெடுப்பின் இரகசியம். வண்டி அனுப்பி அழைத்த அதே கை, வாயிலை அடைக்கவும் முயன்றது. பின்னாள்களில் டேவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நன்றியோடுதான் ஃபாரடே பேசினார்.

இனி, நான் சொல்ல வந்த குறிப்பேட்டுக்கு வருகிறேன். 1822-இல் ஃபாரடே புதிய ஏடு ஒன்றைத் தொடங்கினார். வேதியியல் குறிப்புகள், யோசனைகள், தொடர வேண்டிய இலக்குகள் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். விடை தெரியாத கேள்விகளும் செய்ய வேண்டிய பணிகளும் அதில் வரிசையாக இருந்தன. ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அதன் குறுக்கே பேனாவால் கோடு இழுத்து, விடை கிடைத்த நாளையும் எழுதுவார். வாயுக்களை அழுத்தினால் என்ன ஆகும் என்பது ஒன்று. 1823-இல் குளோரினைத் திரவமாக்கினார். தங்கத் தகட்டின் ஊடே செல்லும் ஒளியைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. தங்க மென்படலங்களில் ஒளியை அவர் விரிவாக ஆராய்ந்தது 1856-இல். அந்த ஏட்டில் மிகச் சுருக்கமான வரி, காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்பது. டென்மார்க்கின் எர்ஸ்டெட் 1820-இல், மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கிறது என்று காட்டியிருந்தார். அப்படியானால் அதன் மறுதலையும் நடக்க வேண்டும் அல்லவா? அதுதான் அந்த வரி.

இந்தப் பக்கத்தைப் படித்த இரவை நான் மறக்கவில்லை. தம் இலக்குகளுக்கு என்றே ஓர் ஏட்டை ஒதுக்கிய மனிதர், அதில் ஆய்வகத் தலைவராக வேண்டும் என்று எழுதவில்லை. சொசைட்டியில் இடம், ஆண்டுக்கு இத்தனை பவுன் வருமானம் என்றும் எழுதவில்லை. அவை அவரைத் தேடி வந்தபோது, சிலவற்றை ஏற்றார், பலவற்றை மறுத்தார். ஏட்டில் இருந்தவை எல்லாம் வினைகள். ஒவ்வொன்றும் அவர் கையால் தொடங்கி அவர் கையால் முடிக்கக்கூடியது. முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேறொருவரின் கையெழுத்து தேவையில்லை.

அந்த ஒரு வரிக்குக் கோடு இழுக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1824-இல் முயன்றார், எதுவும் நிகழவில்லை. 1825-இல் முயன்றார், 1828-இலும் முயன்றார். மூன்று முறையும் தோல்வியே. இடையில் அவருடைய நேரம் அவருடையதாகவும் இல்லை. தொலைநோக்கிகளுக்கான உயர்தரக் கண்ணாடியைச் செய்யும் பணியை ராயல் சொசைட்டியின் குழு 1825-இல் அவர் தலையில் வைத்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் வளாகத்திலேயே உலை கட்டப்பட்டது. அதைக் கவனிக்க ஆண்டர்சன் என்ற முன்னாள் படைவீரர் உதவியாளராக வந்தார். ஆண்டுக்கணக்கில் கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. மேலிடம் ஒப்படைத்த வேலையைச் செவ்வனே செய்துகொண்டு, சொந்தக் கேள்வியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும் நிலை நம்மில் பலருக்குப் பழகிய ஒன்று.

1829-இல் ஜெனீவாவில் டேவி காலமானார். 1831 ஜூலையில் ஃபாரடே, கண்ணாடிப் பணியிலிருந்து தம்மை விடுவிக்கும்படி ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். நாற்பதை நெருங்கிய வயதில் எழுதிய அந்தக் கடிதம், அவர் வாழ்வின் திருப்பங்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன். இரண்டே மாதத்துக்குள், ஆகஸ்ட் 29-ஆம் நாள், ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் கம்பிகளைச் சுற்றினார். ஒரு பக்கத்தை மின்கலனோடு இணைத்தார். மறுபக்கத்துக் கம்பி ஒரு காந்த ஊசியின் மேலே சென்றது. மின்கலனை இணைத்த கணத்தில் ஊசி துடித்து நின்றது. துண்டித்த கணத்தில் மறுபடியும் துடித்தது. மின்னோட்டம் சீராக ஓடிய இடைநேரத்தில் ஊசி அசையவே இல்லை. முன்பு மூன்று முறை தோற்றதன் காரணம் அங்கே இருந்தது. நிலையான விளைவை எதிர்பார்த்திருந்தார். விளைவோ மாற்றம் நிகழும் கணத்தில் மட்டும் எழுவது. அக்டோபர் 17-ஆம் நாள் வெறும் காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைத்தே மின்சாரத்தை எழுப்பினார். 28-ஆம் நாள் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு இடையே செப்புத் தகட்டைச் சுழற்றி, தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தைப் பெற்றார். நவம்பர் 24-ஆம் நாள் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வுரை வாசிக்கப்பட்டது. ஆலையில் நாள்தோறும் நான் சுற்றிவந்த டிரான்ஸ்ஃபார்மர், அந்த இரும்பு வளையத்தின் பேரப்பிள்ளைதான்.

இதற்குப் பிறகு அவர் செய்ததைத் தொழில் வளர்ச்சி பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லத் தயங்குவார்கள். நிறுவனங்களுக்கும் வழக்குகளுக்கும் வேதியியல் ஆலோசனை சொல்லி, 1830-இல் மட்டும் அவர் ஆயிரம் பவுனுக்கு மேல் ஈட்டியிருந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் கொடுத்த சம்பளமோ ஆண்டுக்கு நூறு பவுனும் குடியிருப்பும் எரிபொருளும்தான். காந்தத்திலிருந்து மின்சாரம் பிறந்ததைக் கண்ட பிறகு அந்த ஆலோசனைப் பணிகளைக் கைவிடத் தொடங்கினார். 1832-இல் அந்த வருமானம் நூற்று ஐம்பது பவுன் அளவுக்குக் குறைந்தது. 1838-இல் ஒன்றும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பதவியை 1827-லேயே மறுத்திருந்தார். கலங்கரை விளக்கங்களைப் பேணும் டிரினிட்டி ஹவுஸுக்கு மட்டும் 1836 முதல் நெடுங்காலம் ஆலோசகராக இருந்தார். அவர் சார்ந்திருந்த சிறிய கிறித்தவ சபை செல்வம் சேர்ப்பதை விரும்பாதது என்பதும், அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதும் இங்கே கணக்கில் வர வேண்டும். மாத இறுதியில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர்களிடம் போய் ஆயிரம் பவுனைத் தூக்கி எறி என்று சொல்வதற்கு எனக்கு நா எழாது.

1833-34-இல் மின்பகுப்பு விதிகள் வந்தன. அதன் பிறகு உடல் இடைமறித்தது. 1839 முடிவிலிருந்து தலைச்சுற்றலும் நினைவு மறதியும் அவரை வாட்டின. சில ஆண்டுகள் ஆராய்ச்சியை ஏறத்தாழ நிறுத்தி, சாராவோடு சுவிட்சர்லாந்தில் போய் ஓய்வெடுத்தார். நினைவு தவறத் தொடங்கிய மனிதருக்கு, எண் இடப்பட்ட பத்திகளாக அன்றன்று எழுதிவந்த ஆய்வேடு எவ்வளவு பெரிய ஊன்றுகோலாக இருந்திருக்கும்! 1845-இல் மீண்டும் ஆய்வகத்தில் இறங்கினார். ஒளியின் மீது காந்தத்துக்கு ஆதிக்கம் உண்டா என்று தேடியபோது, கண்ணாடி உலைக் காலத்தில் சலிப்போடு செய்து வைத்திருந்த கனமான ஈயக் கண்ணாடித் துண்டு ஒன்றுதான் விடையைக் காட்டியது. வீண் என்று நினைத்த ஆண்டுகள் பதினைந்து ஆண்டுகள் கழித்து வட்டியோடு திரும்பின.

எல்லா இலக்குகளுக்கும் அவரால் கோடு இழுக்க முடியவில்லை. ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் உறவு இருக்க வேண்டும் என்று 1849-இல் தேடினார்; கிடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து மறுபடியும் தேடினார், அப்போதும் கிடைக்கவில்லை. 1860-இல் அந்த ஆய்வுரையை வெளியிட வேண்டாம் என்று இளையவரான ஸ்டோக்ஸ் ஆலோசனை சொன்னபோது ஏற்றுக்கொண்டார். அவருக்கு உயர்கணிதம் தெரியாது என்பதும் உண்மை. அவர் மனக்கண்ணால் கண்ட விசைக்கோடுகளைக் கணிதமாக்க மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. 1857-இல் ராயல் சொசைட்டியின் தலைவராகும்படி வீட்டுக்கே வந்து கேட்டார்கள். தம்மைச் சாதாரண ஃபாரடேயாகவே விட்டுவிடும்படி சொல்லி மறுத்தார். ஒரு காலத்தில் பதில் தேவையில்லை என்று வாயில்காப்போன் சொல்லி அனுப்பிய அதே தலைவர் பதவி அது.

அந்த ஆண்டு என் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் முதன்முறையாகப் பதவி இல்லாத ஒன்றை எழுதினேன். பேரிங் தேய்வது, வைண்டிங் கருகுவது, ஒரு ஃபேஸ் போவது என்று மோட்டார்களில் வரும் பழுதுகளை, எங்கள் ஷிப்ட் தொழிலாளர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் கையேடாக எழுதுவேன் என்பது அது. மேலாளர் அதைப் படித்துவிட்டு, இது இலக்கு ஆகாதே என்பதுபோல் பார்த்தார். எழுதி முடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. பதவி உயர்வு எதுவும் வரவில்லை. அந்த வருத்தம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை ஆலைக்குப் போனபோது, அதன் நகல் ஒன்று எண்ணெய்க் கறையோடு பேனல் அறை அலமாரியில் கிடப்பதைப் பார்த்தேன். சென்ற மாதம் முதல் வேலையில் சேர்ந்த என் தங்கை மகள், அதே போன்ற படிவத்தைக் கைப்பேசியில் காட்டி, மாமா, இதில் என்ன எழுதுவது என்று கேட்டாள். ஃபாரடேயின் கதையைச் சொன்னேன். பாதியில் அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. மீதியை அடுத்த வாரம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

மீதி அதிகம் இல்லை. 1858 முதல் ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசி கொடுத்த வீட்டில் ஃபாரடே தங்கினார். 1862 மார்ச் 12-ஆம் நாள், காந்தப் புலத்தில் வைத்த சுடரின் ஒளிக்கோடுகள் மாறுகின்றனவா என்று நிறமாலைமானியில் பார்த்தார். எந்த மாற்றமும் தெரியவில்லை. அதையும் ஏட்டில் பதிந்தார். அந்த ஏட்டின் கடைசிப் பத்தி எண் 16,041. அவர் தேடியது உண்மையில் இருந்தது என்பதை, அதைவிடக் கூர்மையான கருவிகளைக் கொண்டு 1896-இல் ஹாலந்தின் சீமன் கண்டார். 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள் தம் படிப்பறை நாற்காலியில் அமர்ந்தபடியே ஃபாரடே காலமானார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் அவருடைய கல்லில் பெயரும், பிறந்த நாளும், மறைந்த நாளும் மட்டுமே இருக்கின்றன. டேவிக்கு அனுப்பிய அந்தக் குறிப்பு நூல் இன்றும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது.